பட்டை உரித்த ஞாயிறு

நான் வாங்கியது வண்டியை மட்டும்தான்.
இரு பக்கமும் எரிகிற நெருப்பை அல்ல,
விளிம்போடு ஓடும் பொய் வெள்ளிப் பட்டையை அல்ல,
சீட்டுக்குக் கீழே சீறும் நாகத்தையும் அல்ல
(அதற்கு ஏனோ மீசை).
முன்மூடியில் 'வேகமே விதி' என்று வேறு.
அறுபதைத் தாண்டினால்
இருமுகிற வண்டி இது.

யுகேந்திரன் பணத்தை எண்ணியபடியே சொன்னான்:
"ஸ்டிக்கருக்கு மட்டும் முந்நூறு வெள்ளி ஆச்சு அக்கா.
அதுக்கு நான் காசு கேக்கல."
கேட்டிருந்தால்
எடுப்பதற்கு நான் கூலி கேட்டிருப்பேன்.

மூன்று வாரம் அந்த நெருப்பில் உட்கார்ந்து
வேலைக்குப் போய்வந்தேன்.
பாயான் லெப்பாஸ் சிக்னலில்
பள்ளிப் பையன்கள் கட்டை விரல் காட்டினார்கள்.
எனக்கு நாற்பத்து நான்கு வயது.

ஞாயிறு. ஜெலுத்தோங் அடுக்குமாடி, கீழ்த்தளம்.
இரவு ஷிப்டின் மணல் இன்னும் கண்ணில்.
முதல் மாடி ஆ சூன்
ஜன்னல் வழியே வயரை இறக்கிவிட்டாள்,
பிறகு, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஹேர் டிரையரை.
"ரெண்டுல வை. மூணுல வெச்சா செத்துப் போகும்"
என்றாள் மலாயில்,
வண்டியையா டிரையரையா என்று சொல்லாமல்.

சூடு காட்டினால் பசை இளகுகிறது.
நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி
மெதுவாக, மடித்து, தாழ்வாக இழுக்க வேண்டும்.
அவசரப்பட்டால் மேல்தோல் மட்டும் வரும்,
பசை அங்கேயே குந்திக்கொண்டு
தூசியைக் கூப்பிடும்.
நெருப்பு ஒவ்வொரு நாக்காக வந்தது.
நாகம் மட்டும் துண்டு துண்டாக.
மீசை கடைசிவரை விடவில்லை.
கடந்துபோன ஒருவர் நின்று பார்த்து
"பிசாவ் வைத்துச் சுரண்டு" என்றார்.
கத்தி எதற்கு?
மீன் நரம்பை இரண்டு விரலிலும் சுற்றி
பல்லிடுக்கில் இழுப்பதுபோல் இழுத்தேன்,
வெள்ளிப் பட்டைக்கு அடியில்.

பட்டைக்கு அடியில் ஒரு கீறல்.
முழங்கை நீளம். ஆழம்.
யாரோ புட்டி பூசி, தேய்க்காமல் விட்டது.
அலங்காரம் என்று நான் திட்டிக்கொண்டிருந்தது
இத்தனை நாளும் கட்டுப் போட்ட துணி.

அடித்தேன் யுகேந்திரனுக்கு.
"சத்தியமா தெரியாதுக்கா.
நான் வாங்கும்போதே பட்டை இருந்துச்சு.
அது மேலதான் நெருப்பு ஒட்டினேன்."
அதற்கு முன்னால்?
"பாலிக் பூலாவ் ஆளு. டுரியான் ஏத்துனவரு."
விழுந்தாரா?
"வண்டி விழுந்திருக்கும்போல."
அவர் எழுந்தாரா என்று கேட்பதற்குள்
யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

மண்ணெண்ணெயில் துணி நனைத்துப்
பசையைத் துடைத்தேன்.
துடைக்கத் துடைக்கத் தெரிந்தது:
வெளுத்த சிவப்பின் நடுவே
வெளுக்காத சிவப்பில்
அதே நெருப்பு, அதே நாக்குகள்.
வெயில் நகல் எடுத்து வைத்திருக்கிறது.
ஹார்ட்வேர் கடையில் இதற்கு என்ன போட என்றேன்.
"பெயிண்ட்" என்றார்,
கால்குலேட்டரிலிருந்து தலை தூக்காமல்.

செவ்வாய் விடியல். ஷிப்ட் விட்டு வெளியே வந்தால்
மழை, இருட்டு,
அறுநூறு மோட்டார்கள் தலை கவிழ்ந்து.
என் கண் தானாக
நெருப்பைத் தேடியது.
எண் பலகையா? மூன்று வாரமாக
எரிவதைப் பார்த்தே வந்து எடுத்தவள்
எண்ணை எதற்கு மனப்பாடம் செய்வாள்?
நனைந்தால் வெளுத்ததும் வெளுக்காததும்
ஒரே சிவப்பு.
நகலும் இல்லை.

மூன்றாவது வரிசையில்
சாவி நுழையாத இரண்டு சிவப்பு வண்டிகள் தாண்டி,
ஒன்றின் விலாவில் கை வைத்தேன்.
விரல் ஒரு பள்ளத்தில் இறங்கி
அப்படியே முழங்கை நீளம் போனது.

சீட்டைப் புறங்கையால் வழித்துவிட்டு உதைத்தேன்.
இருமிற்று.
மறுபடி உதைத்தேன்.